கண்ணை ஏமாற்றும் படங்கள்: குழந்தைகளுக்குச் சொல்லித்தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு சின்னச் சின்ன அறிவியல் சோதனைகள் செய்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது கண்ணை ஏமாற்றும் படங்களைத்தான். "இன்னைக்கு ஏமாத்துற படம் உண்டா?" என்று கேட்டபடியேதான் உள்ளே வருவார்கள். அவர்களுடைய பெற்றோரும், வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பிய சில ஆசிரியர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காட்சிப் பிழை என்று எதைச் சொல்கிறோம்? கானல் நீரும் அதில் சேருமா?

கோடை மதியத்தில் தார்ச்சாலையில் தெரியும் கானல் நீரைச் செல்போனில் படம் எடுத்தால், படத்திலும் அது இருக்கும். தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்த பென்சில் முறிந்ததுபோலத் தெரிவதும் அப்படியே படத்தில் விழும். அங்கே வளைவது ஒளி. கண்ணும் மூளையும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்கின்றன.

நாம் பேசப்போவது வேறு வகை. சம நீளமுள்ள இரண்டு கோடுகளைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்தால் சமமாகத்தான் இருக்கும். பார்க்கிற நமக்கு மட்டும் ஒன்று நீளமாகத் தெரியும். "கேமராவும் ஏமாறுதா, இல்ல நாம மட்டும் ஏமாறுறோமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், இரண்டு வகையையும் பிள்ளைகளே பிரித்துவிடுவார்கள். இந்தக் கேள்வியை முதல் நாளே பழக்கிவிடுங்கள். பின்னால் நிறைய இடங்களில் கைகொடுக்கும்.

முதலில் எந்தப் படத்தைக் காட்டலாம்?

இரண்டு கோடுகள் போதும். ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள் போடுங்கள். மேல்கோட்டின் இரு முனைகளிலும் அம்பு முனைபோல உள்ளே மடங்கும் சிறகுகள். கீழ்க்கோட்டின் முனைகளில் வெளியே விரியும் சிறகுகள். 1889-ல் ஃபிரான்ஸ் கார்ல் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட படம் இது. கீழ்க்கோடு நன்றாகவே நீளமாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: "ரெண்டும் சமம்தான், பார்த்தீங்களா!" என்று நீங்களே உடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் நினைப்பதை யாருக்கும் காட்டாமல் எழுதி மடித்து வைக்கட்டும். அப்புறம் ஸ்கேலைக் கையில் கொடுங்கள். ஒருமுறை ஒரு சிறுமி அளந்துவிட்டு என் ஸ்கேல் சரியில்லை என்றாள். வீட்டுக்கு ஓடிப்போய்த் தன்னுடையதை எடுத்து வந்து அளந்தாள். அதிலும் திருப்தி இல்லாமல் நூலை வைத்து அளந்தாள். அந்தச் சந்தேகத்தை நான் எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அவளுக்குள் உண்டாக்கியிருக்க முடியாது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளானால் இன்னொரு படி போகலாம். மேல்கோட்டை ஓர் அட்டையில் வரைந்து வையுங்கள். கீழ்க்கோட்டை இன்னோர் அட்டையில் நீளமாக வரைந்து, அதை ஒரு காகித உறைக்குள் செருகி இழுத்தால் நீளம் கூடிக் குறையும்படி செய்யுங்கள். வெளியே விரியும் சிறகுகளில் ஒரு பக்கத்தை உறையின் மேலும், மறுபக்கத்தை அட்டையின் முனையிலும் வரைய வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் வரை இழுத்து நிறுத்திவிட்டு, இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். "நான் 14 மில்லிமீட்டர் ஏமாந்தேன், நீ?" என்று பேச ஆரம்பிப்பார்கள். ஏமாற்றத்துக்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அளந்து பார்த்த பிறகும் நீளமாகத்தானே தெரிகிறது?

ஆமாம், எனக்கும் இன்றுவரை அப்படித்தான் தெரிகிறது. இருட்டில் பாம்பாகத் தெரிந்தது கயிறு என்று விளக்கைப் போட்டதும் தெரிந்துவிட்டால், பாம்பு போய்விடும். இந்தக் கோடுகள் அப்படி இல்லை. சமம் என்று தெரிந்த அறிவு ஒரு பக்கம் இருக்கும், சமமில்லாத காட்சி இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும். பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள், நமக்குத் தெரிந்ததைக் கேட்டுத் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்வதில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, "உன் மூளைக்குள்ளேயே ஒரு பகுதி சொல்றதை இன்னொரு பகுதி கேக்க மாட்டேங்குது" என்று சொல்வேன். வீட்டில் தம்பி தங்கை இருப்பவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

ஏமாறுவது கண்ணா, மூளையா?

இரண்டும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் காட்ட முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து வலப்பக்கமாக 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்க வேண்டும். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி காணாமல் போகும். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அந்த ஓட்டையில்தான் புள்ளி விழுந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் எட்மே மாரியட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். (ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்குப் பின்புறமாகவே போவதால் அதற்கு இந்த ஓட்டை இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அதன்மேல் பொறாமையே வந்துவிடும்.)

இதே தாளில் புள்ளியின் ஊடாகக் குறுக்கே ஒரு நீண்ட கோட்டை இழுத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி மறையும், ஆனால் கோடு அறுபடாமல் ஓடும்! ஓட்டை கண்ணில் இருக்கிறது. அதை ஒட்டுப்போட்டுத் தைப்பது மூளை.

அடுத்தது சிவப்புக் கிளி. ஒரு கிளியை அடர் சிவப்பில் வண்ணம் தீட்டி, அதன் கண்ணையே அசையாமல் 30 வினாடி பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சையில் ஒரு கிளி தெரியும். சிவப்பை அதிகமாக வாங்கிக்கொண்டிருந்த கூம்பு செல்கள் (விழித்திரையில் நிறத்தை உணரும் செல்கள்) சற்று ஓய்ந்துபோவதால், வெள்ளையிலிருந்து வரும் மற்ற நிறங்களின் பங்கு ஓங்கிவிடுகிறது. இது பெரும்பாலும் கண்ணுக்குள் நடப்பது. ஆனால் இங்கேயும் மூளை நுழையும். அந்தப் பச்சைக் கிளியை உள்ளங்கையில் பார்த்தால் சின்னதாகவும், தூரத்துச் சுவரில் பார்த்தால் பெரியதாகவும் தெரியும். விழித்திரையில் ஓய்ந்துபோன இடத்தின் அளவு மாறவே இல்லை. "தூரத்தில் இருந்தும் இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றால் பெரியதாகத்தான் இருக்கும்" என்று மூளை கணக்குப் போடுகிறது. எம்மர்ட் என்ற சுவிஸ் கண் மருத்துவர் 1881-ல் இதை எழுதிவைத்தார்.

முழுக்க மூளையின் வேலைக்கு, சதுரங்கப் பலகை மேல் ஓர் உருளையின் நிழல் விழும் படத்தைக் காட்டுவேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995-ல் உருவாக்கியது. நிழலுக்கு வெளியே இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும், நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். யாருமே நம்ப மாட்டார்கள். ஒரு தாளில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த இரண்டு கட்டங்கள் மட்டும் தெரியும்படி மூடிவிட்டால் தானாகப் புரியும். தாளை எடுத்தவுடன் பழையபடி கறுப்பும் வெள்ளையும் வந்துவிடும்.

"அப்படின்னா என் கண்ணை நம்பவே முடியாதா?" என்று மகள் பயந்துவிட்டாள். என்ன சொல்வது?

அந்த நிழல் படத்தையே மறுபடி எடுங்கள். நண்பகல் வெயிலில் கிடக்கும் கரித்துண்டிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, வீட்டுக்குள் மேஜைமேல் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியைவிட அதிகம். வருகிற ஒளியை மட்டும் நம்பினால் கரி வெள்ளையாகவும் தாள் கறுப்பாகவும் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை. வெளிச்சம் எவ்வளவு, நிழல் எங்கே என்பதை மூளை கழித்துவிட்டு, பொருளின் நிறத்தை நமக்குச் சொல்கிறது. நாள் முழுக்க இந்தக் கணக்கு சரியாக நடப்பதால்தான் நாம் கவனிப்பதே இல்லை. படம் வரைந்தவர் நிஜத்தில் இல்லாத ஒரு நிழலைக் காகிதத்தில் வரைந்து காட்டும்போதும் மூளை அதே கணக்கைப் போடுகிறது. உங்கள் மகளின் மூளை திறமையாக வேலை செய்கிறது என்பதற்குத்தான் அவள் ஏமாந்தது சாட்சி. இதைத் தயங்காமல் சொல்லுங்கள், ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் இல்லை இது.

எந்த வயதில் தொடங்கலாம்? என் பையன் "எனக்கு அப்படித் தெரியலை" என்கிறானே?

நான்கைந்து வயதிலேயே தொடங்கலாம். ஆனால் "தெரியலை" என்ற பதிலை மதிக்கத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். எபிங்ஹவுஸ் வட்டங்கள் என்று ஒரு படம் உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களில் ஒன்றைச் சுற்றிப் பெரிய வட்டங்கள், மற்றதைச் சுற்றிச் சின்ன வட்டங்கள். பெரியவர்களுக்கு, பெரிய வட்டங்களின் நடுவில் இருப்பது சிறுத்துத் தெரியும். ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் இதில் ஏமாறுவதில்லை என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுற்றி இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வயது ஏற ஏறத்தான் வலுக்கிறது. ஆகவே உங்கள் பையன் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால், அந்த அறையில் சரியாகப் பார்ப்பவன் அவன் ஒருவனாக இருக்கலாம்! "இல்லடா, நல்லா பாரு" என்று திருத்தினால், பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லத்தான் கற்றுக்கொள்வான்.

முல்லர்-லையர் கோடுகளில் நேர்மாறு. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் ஏமாறுகிறார்கள். அதனாலும்தான் முதல் நாளுக்கு அந்தப் படத்தைச் சொன்னேன்.

வாத்தாகவும் முயலாகவும் தெரியும் படம் ஒன்று இருக்கிறதே, 1892-ல் ஒரு ஜெர்மன் நகைச்சுவை இதழில் வந்தது. அதை மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் காட்டி அவசரப்படுத்த வேண்டாம். இன்னோர் உருவமும் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தாலும்கூட அந்த வயதில் பலருக்கு உருவம் மாறித் தெரிவதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்தால் தானாக வரும்.

ஏன் இப்படி நடக்கிறது என்று எந்த அளவுக்கு விளக்க வேண்டும்?

குறைவாக. முடிவான விடை என்று எதையும் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

காரணம் இருக்கிறது. முல்லர்-லையர் கோடுகளுக்குப் பல பாடநூல்கள் தரும் விளக்கம் இது: நாம் சுவர்களும் மூலைகளும் உள்ள அறைகளில் வளர்கிறோம், வெளியே விரியும் சிறகுகள் தூரத்தில் இருக்கும் அறை மூலையைப் போலவும், உள்ளே மடங்குபவை கிட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டட முனையைப் போலவும் இருக்கின்றன, தூரத்தில் இருப்பதாக எண்ணியதை மூளை நீட்டிக் காட்டுகிறது. கேட்க அழகான விளக்கம். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லி வந்தேன்.

இந்தியாவில் பவன் சின்ஹா என்ற ஆய்வாளர் தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையால் பார்வையே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை மூலம் பார்வை கிடைக்க வழி செய்கிறது. அப்படிப் பார்வை பெற்ற, எட்டு முதல் பதினாறு வயது வரையிலான ஒன்பது பிள்ளைகளிடம் இந்தக் கோடுகளைக் காட்டினார்கள். அறை மூலைகளைப் பார்த்துப் பழகவே அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. ஆனாலும் பார்வை வந்த உடனேயே நம்மைப் போல ஏமாந்தார்கள். 2015-ல் இந்த முடிவு வெளியானது. பார்த்துப் பழகியதால்தான் ஏமாறுகிறோம் என்ற விளக்கம் அங்கே தடுமாறுகிறது.

இன்னொன்று, ஹெர்மன் கட்டம். கறுப்புச் சதுரங்களுக்கு இடையே வெள்ளைத் தெருக்கள். தெருக்கள் சந்திக்கும் இடங்களில் சாம்பல் புள்ளிகள் மினுங்கும். விழித்திரை செல்கள் பக்கத்துச் செல்களை அடக்குவதால் வருகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் தெருக்களின் ஓரத்தைச் சற்று நெளித்து வரைந்தால் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. அந்த விளக்கத்தின்படி மறையக்கூடாது. இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் இருப்பதைத் தங்கள் கண்ணாலேயே சோதிக்கலாம் என்று அவர்கள் உணரும்போது முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதற்காகத்தான் நான் இத்தனை ஆண்டும் இதை விடாமல் செய்கிறேன்.

உதிக்கும்போது நிலா ஏன் அவ்வளவு பெரியதாக இருக்கிறது?

பௌர்ணமி அன்று மொட்டைமாடிக்குப் போங்கள். கையில் ஒரு மிளகு போதும். நிலா உதித்துத் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது, கையை நன்றாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, மிளகால் நிலாவை மறைக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். இவ்வளவு பெரிய நிலாவை ஒரு மிளகு மறைக்கிறதா என்று முதல் வியப்பு அங்கேயே வரும். மூன்று மணி நேரம் கழித்து, மேலே போய்ச் 'சின்னதாகிவிட்ட' நிலாவையும் அதே மிளகால் மறைக்கட்டும். அளவு மாறியிருக்காது. கேமராவிலும் ஒரே ஜூமில் இரண்டு முறை எடுத்து ஒப்பிடலாம். உண்மையில் உச்சியில் இருக்கும்போதுதான் நிலா நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

காற்று மண்டலம் கண்ணாடி வில்லைபோலப் பெரிதாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மரங்களும் கட்டடங்களும் தாண்டி வெகு தூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்வதால் பெரிதாகத் தெரிகிறது என்பது பழைய விளக்கம், நம் பச்சைக் கிளி தூரத்துச் சுவரில் பெரிதானதைப் போல. ஆனால் அறிஞர்களிடையே இதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடுவேன்.

செல்போன், கணினி எதுவும் இல்லாமல் என்னென்ன செய்யலாம்?

தாளைக் குழலாகச் சுருட்டி வலக்கண்ணில் வைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையைக் குழலை ஒட்டி இடக்கண்ணுக்கு முன்னால் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தைப் பார்த்தால் உள்ளங்கையில் ஓட்டை விழும். கூச்சல் போடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வட்ட அட்டையின் ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் தலைகீழாக ஒரு பறவை வரைந்து, இரு ஓரத்திலும் நூல் கட்டி முறுக்கிவிட்டால் பறவை கூண்டுக்குள் போய்விடும். 1820-களில் லண்டனில் விற்ற பொம்மை. அதேபோல, வட்ட அட்டையின் பாதியைக் கறுப்பாக்கி, மறுபாதி வெள்ளையில் சில வளைகோடுகள் போட்டு, நடுவில் தீக்குச்சி செருகிப் பம்பரமாகச் சுற்றினால் மங்கலான நிறங்கள் தெரியும். கறுப்பும் வெள்ளையும் தவிர அதில் எதுவுமே இல்லை. சார்லஸ் பென்ஹாம் 1894-ல் இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது இது. ரொம்ப வேகமாகச் சுற்றினால் நிறம் வராது.

அப்புறம் கண்ணாடி. கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். கண் தாவும் அந்த நொடியில் வரும் கலங்கலான காட்சியை மூளை நமக்குக் காட்டுவதில்லை.

படங்களில் இல்லாமல் நேரில் போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே ரிஷப குஞ்சரம் என்னும் சிற்பத்தில் ஒரு காளையும் ஒரு யானையும் எதிரெதிரே நிற்கும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை, காளையின் உடலை மறைத்தால் யானை. எதையும் மறைக்காமல் பார்த்தால் மாறி மாறி வரும். வாத்து முயல் படம் வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தச்சர் இதைக் கல்லில் செய்துவிட்டார். சிற்பம் அளவில் சின்னது, அவசரமாகப் போனால் தாண்டிவிடுவீர்கள். இன்னது இருக்கிறது என்று மட்டும் சொல்லி, பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள்.

ஒரே படம் ஆளுக்கு ஆள் வேறாகத் தெரியுமா?

தெரியும். 2015-ல் ஓர் உடையின் புகைப்படம் உலகம் முழுக்கச் சண்டை மூட்டியது. சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் தங்கநிறமும். உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான். எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்று மூளை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டதுதான் வித்தியாசம். வகுப்பில் காட்டினால் கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணுங்கள்.

இதனால் கண்ணுக்குக் கெடுதல் வருமா?

காகிதத்தில் இருக்கும் படங்களால் கண் கெடாது. நெருக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளையும் சுழல்வதுபோலத் தெரியும் படங்களையும் வெகுநேரம் பார்த்தால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். நிறுத்திவிட்டால் போதும். ஆனால் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு மின்னும் ஒளியும், அழுத்தமான கோடுகளும் வலிப்பைக் கொண்டுவரலாம். வகுப்பில் தொடங்கும் முன் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். கிளிச் சோதனை பிடித்துப்போய் யாராவது சூரியனையோ லேசர் ஒளியையோ பார்த்துவிடக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் கண்டிப்பாகச் சொல்வேன்.

ஒரு கண்ணை மூடிச் செய்யும் சோதனைகளின்போது பிள்ளையைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடினால் மட்டும் முகத்தைத் திருப்புகிறது, கையைத் தட்டிவிடுகிறது, தெரியவில்லை என்கிறது என்றால் மறுகண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். 'சோம்பேறிக் கண்' என்பார்கள். சின்ன வயதிலேயே கண் மருத்துவரிடம் காட்டினால் சரிசெய்வது எளிது. புள்ளி மறைகிறதா என்று பார்க்கிற ஆர்வத்தில் இதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.